எழுபத்திரண்டில் ஒரு பங்கு: ஹெலிகாப்டர் மாதிரியும் தோட்டத்து வரலாறும்



ஒரு சாணுக்கும் குறைவான நீளமுள்ள ஹெலிகாப்டர் பொம்மையை வைத்துக்கொண்டு நாட்டின் வரலாற்றைப் படிக்க முடியுமா என்று கேட்டால் பலர் சிரிப்பார்கள். முடியும் என்பதே என் கருத்து. அந்தப் பொம்மையைச் சுற்றி மண்ணையும் மரத்தையும் மனிதரையும் அளவு தவறாமல் அமைக்கத் தொடங்கினால், வரலாற்று நூல்கள் இரண்டொரு வரியில் தாண்டிப்போகும் செய்திகள் நம் கண்முன் வந்து நிற்கும். தோட்டத்து மக்களாகிய நம்முடைய செய்திகளும் அவற்றில் அடங்கும். அதைப் பற்றித்தான் இன்றைய உரை.

பினாங்குத் தீவில் ஜார்ஜ்டவுன் படகுத்துறையில் நின்று கிழக்கே பார்த்தால் கடலுக்கு அக்கரையில் பட்டர்வொர்த் தெரியும். அங்குள்ள விமானப்படைத் தளம் 1941-இல் திறக்கப்பட்டது. அந்த ஆண்டு முடிவதற்குள் ஜப்பானியர் கைக்குப் போனது. போருக்குப் பின் பிரிட்டிஷாரும், பிறகு 1950-களின் பிற்பகுதியிலிருந்து ஆஸ்திரேலியரும் அதை நடத்தினார்கள். 1988-இல் அது மலேசியாவிடம் ஒப்படைக்கப்பட்டது. செபராங் பிறைத் தோட்டங்களில் வளர்ந்தவர்களுக்கு ஹெலிகாப்டர் ஓசை புதிதன்று. மரம் வெட்டிக்கொண்டிருந்த தாய்மார்களும் தலை நிமிர்ந்து பார்த்த ஓசை அது. ஆகவே இராணுவ ஹெலிகாப்டர் மாதிரி செய்வது யாரோ அயல்நாட்டாரின் பொழுதுபோக்கு என்று நாம் ஒதுக்கிவிட வேண்டியதில்லை.

முதலில், மாதிரிக் காட்சி என்றால் என்ன என்று பார்ப்போம். ஒரு பொருளின் உருவத்தைச் சிறிதாகச் செய்தால் அது மாதிரி. அந்த மாதிரியை அதற்குரிய நிலத்தில், அதற்குரிய மனிதர்களோடு, ஒரு குறிப்பிட்ட நேரத்தில் நிறுத்திக் காட்டினால் அது மாதிரிக் காட்சி. ஆங்கிலத்திலும் பிற மேலைமொழிகளிலும் இதை டயோராமா என்கிறார்கள். பிரெஞ்சுக்காரரான லூயி டாகேர் 1822-இல் பாரிஸ் நகரில் திறந்த காட்சிச்சாலையின் பெயர் அது. பெரிய திரைகளில் ஓவியம் தீட்டி, வெளிச்சத்தை மாற்றி மாற்றிக் காட்டி, பகல் இரவாவதுபோல் மக்களை மயங்கச் செய்தார் அவர். புகைப்படக் கலையின் முன்னோடிகளில் ஒருவரும் அவரே. பின்னாளில் அரும்பொருட் காட்சியகங்களில் கண்ணாடிக்குள் வைக்கப்படும் காட்சிகளுக்கும் அப்பெயர் வந்து சேர்ந்தது.

தமிழருக்கு இக்கலை முற்றிலும் புதியதா? இல்லை. நவராத்திரிக் கொலுவை எண்ணிப் பாருங்கள். படிகளில் பொம்மைகளை அடுக்கியபின், கீழே தரையில் பிள்ளைகள் ஓர் ஊரையே அமைப்பார்கள். மணலைப் பரப்பி, கடுகையும் கேழ்வரகையும் முளைக்கவிட்டு வயலாக்குவார்கள். முகம் பார்க்கும் கண்ணாடி குளமாகிவிடும். செட்டியார் கடை இருக்கும், கிணறு இருக்கும், கல்யாண ஊர்வலம் போகும். பண்ருட்டியிலும் மதுரைக்கு அருகிலுள்ள விளாச்சேரியிலும் இதற்காகவே பொம்மை செய்யும் குடும்பங்கள் உண்டு. கொலுவில் செட்டியார் பொம்மை கடையைவிடப் பெரிதாக இருந்தாலும் யாரும் குறை சொல்ல மாட்டார்கள். டயோராமாவில் அது குற்றம். எல்லாம் ஒரே அளவுக்கு உட்பட வேண்டும் என்பதே அதன் முதல் சட்டம்.

அந்த அளவு எப்படி வந்தது? விமான மாதிரிகளுக்குப் பெரும்பாலும் எழுபத்திரண்டில் ஒரு பங்கு என்ற அளவைக் கொள்கிறார்கள். அதாவது உண்மையில் 72 அங்குலம் இருப்பது மாதிரியில் 1 அங்குலம். 72 அங்குலம் என்பது 6 அடி. உயரமான ஓர் ஆள் மாதிரியில் சரியாக ஓர் அங்குலம் நிற்பான். எளிய கணக்கு. இங்கிலாந்தில் 1932-இல் வெளிவந்த ஸ்கைபேர்ட்ஸ் என்னும் மரத்துண்டு மாதிரிகள் இந்த அளவைப் பரப்பின. 1936-இல் ஃப்ராக் நிறுவனம் பிளாஸ்டிக் துண்டுகளாக இதே அளவில் விமானங்களை விற்றது.

இரண்டாம் உலகப்போர் வந்ததும் இந்த விளையாட்டுப் பொருள் போர்க்களத்துக்குத் தேவையாயிற்று. வானில் பறப்பது நம் விமானமா, பகைவர் விமானமா என்று நொடியில் அடையாளம் காண வீரர்களுக்குப் பயிற்சி தரவேண்டும். 1942-இல் அமெரிக்கக் கடற்படை நாடெங்கும் உள்ள பள்ளி மாணவர்களிடம் 5 லட்சம் மர மாதிரிகள் செய்து தரும்படி கேட்டது. அவையும் எழுபத்திரண்டில் ஒரு பங்கு அளவே. அங்கே மாணவன் கையால் செதுக்கிய மரத்துண்டு கடற்படையின் பாடப்புத்தகமாயிற்று. போருக்குப் பின் ஏர்ஃபிக்ஸ் என்னும் பிரிட்டிஷ் நிறுவனம் 1953-இல் ஸ்பிட்ஃபயர் போர்விமானத்தை இந்த அளவில் பிளாஸ்டிக்கில் மலிவாக விற்கத் தொடங்கியது. அதிலிருந்து உலகெங்கும் சிறுவர்கள் பசைக்குப்பியும் தூரிகையுமாக உட்கார்ந்துவிட்டார்கள்.

இனி ஹெலிகாப்டரின் கதைக்கு வருவோம். கியேவ் நகரில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய இகோர் சிகோர்ஸ்கி, 1939 செப்டம்பர் 14 அன்று தம் ஹெலிகாப்டரைக் கயிற்றால் கட்டியபடியே முதன்முதலாக மேலே எழுப்பினார். ஐந்தாண்டுக்குள் அவர் செய்த இயந்திரம் நமக்கு அண்டை நாடான பர்மாவில் போர்ப்பணி புரிந்தது. 1944 ஏப்ரலில் காட்டில் சிக்கிய ஒரு விமானியையும் காயம்பட்ட மூன்று வீரர்களையும் ஓர் அமெரிக்க ஹெலிகாப்டர் மீட்டது. ஒருமுறைக்கு ஒருவரைத்தான் தூக்க முடிந்தது. ஆகவே நான்கு பேரையும் ஒவ்வொருவராக ஏற்றி வந்தது. போர்க்களத்தில் ஹெலிகாப்டர் பெற்ற முதற்பெயர் உயிர் காத்த பெயர் என்பதை நினைவில் கொள்ளுங்கள்.

மலாயாவிலும் அப்படியே தொடங்கியது. 1948 ஜூன் 16 அன்று பேராக் மாநிலம் சுங்கை சிப்புட்டில் மூன்று ஐரோப்பியத் தோட்ட அதிகாரிகள் சுட்டுக் கொல்லப்பட்டனர். அதைத் தொடர்ந்து அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. 1960 ஜூலை 31 வரை அது நீடித்தது. அடர்ந்த காட்டுக்குள் கம்யூனிஸ்டுக் கெரில்லாப் படையைத் தேடிப்போன வீரர்களுக்குக் குண்டடி பட்டாலும் காய்ச்சல் கண்டாலும் வெளியே கொண்டுவர வழி ஏது? மூங்கிலில் துணியைக் கட்டித் தூக்கிக்கொண்டு ஆற்றையும் மலையையும் கடந்து நாள்கணக்கில் நடக்க வேண்டும். வழியிலேயே பலர் உயிர் போய்விடும். ஆகவே 1950-இல் சிங்கப்பூர் செலேத்தார் தளத்தில், காயம்பட்டோரை மீட்பதற்கென்றே டிராகன்ஃபிளை வகை ஹெலிகாப்டர்கள் மூன்றைக் கொண்டு ஒரு சிறு அணி அமைக்கப்பட்டது. டிராகன்ஃபிளை என்றால் தும்பி. அந்த ஆண்டு ஜூன் மாதத்தில் ஜொகூரிலிருந்து காயமுற்ற ஒரு போலீஸ்காரரை அது தூக்கிவந்தது.

1953 ஜனவரியில் பிரிட்டிஷ் கடற்படையின் 848-ஆம் அணி, சிகோர்ஸ்கியின் எஸ்-55 வகை ஹெலிகாப்டர்கள் பத்துடன் வந்து சேர்ந்தது. இவை வேர்ல்விண்ட், அதாவது சுழற்காற்று என்று அழைக்கப்பட்டன. இவை படைவீரர்களையும் ஏற்றிச்சென்றன. அதோடு ஹெலிகாப்டரின் வேலையும் மாறியது. காயம்பட்டவனை ஏற்றிய அதே வாசல் வழியே துப்பாக்கி ஏந்தியவன் இறங்கினான். காட்டுக்குள் கெரில்லாக்கள் பயிரிட்டிருந்த கொல்லைகளின்மேல் மருந்து தெளித்து அழிக்கவும் ஹெலிகாப்டர்கள் பயன்பட்டன. காட்டில் வாழ்ந்த ஓராங் அஸ்லி மக்களின் நோயாளிகளை மருத்துவமனைக்குக் கொண்டு சென்றதும் அவைதான். ஓர் இயந்திரத்துக்கு இத்தனை முகங்கள். மாதிரிக் காட்சி செய்பவர் இவற்றில் எதைக் காட்டப் போகிறோம் என்று முதலில் முடிவு செய்தாக வேண்டும்.

நாம் ஒரு காட்சியைத் தெரிந்துகொள்வோம். ஆண்டு 1953. இடம், காட்டோரத்து ரப்பர்த் தோட்டம் ஒன்று. காயம்பட்டவரை ஏற்றிக்கொள்ள ஓர் எஸ்-55 தரையிறங்கி நிற்கிறது. இதைச் செய்யக் கடையில் பெட்டி வாங்கித்தான் ஆகவேண்டும் என்பதில்லை. மென்மரத் துண்டைச் செதுக்கினாலும் போதும். எஸ்-55-இன் உருவம் தலைப்பிரட்டையைப் போன்றது. மூக்கில் என்ஜின், அதற்குப் பின் மேலே உயரத்தில் விமானி இருக்கை, கீழே ஆட்கள் ஏறும் அறை, நீண்ட வால், நான்கு சக்கரம். மேல் விசிறிக்கு மூன்று இறக்கைகள். அந்த விசிறி சுழலும் வட்டத்தின் குறுக்களவு 53 அடி. மாதிரியில் அது 22 சென்டிமீட்டருக்குச் சற்றே கூடுதல்.

அடுத்தது மரம். முற்றிய ரப்பர் மரம் 60 அடி உயரம் என்று கொண்டால் மாதிரியில் 10 அங்குலம் வரவேண்டும். பின்னால் காட்டு மரம் 200 அடி என்றால் 33 அங்குலம். அதாவது மேசைமேல் வைத்த மாதிரிக்குப் பின்னால் அரை ஆள் உயரத்துக்கு அருகில் மரம் எழும்பி நிற்கும். கடைகளில் விற்கும் ஆறு அங்குல மரத்தை நட்டுக் காடு என்று சொன்னால் அது பொய்க்காடு. அளவோடு நட்டுப் பார்த்தால்தான், காயம்பட்டவனைத் தூக்கி வருவது ஏன் அத்தனை கடினமாயிற்று என்பதும், ஹெலிகாப்டர் இறங்க ஏன் அத்தனை மரங்களை வெட்டித் தள்ளவேண்டியிருந்தது என்பதும் விளங்கும்.

உண்மைபோல் தோன்றச் செய்யும் நுட்பங்கள் சில உண்டு. ஓடாமல் நிற்கும் ஹெலிகாப்டரின் இறக்கைகள் தம் பாரத்தால் நுனியில் சற்றுத் தொங்கும். சுழலும்போது அவை மேல்நோக்கி விரியும். நேராகக் குச்சிபோல் இறக்கை வைத்தால் பார்த்தவுடனே பொம்மை என்று தெரிந்துவிடும். விசிறி சுழல்கிறது என்று காட்டினால் அடியில் உள்ள லாலான் புல் நடுவிலிருந்து வெளிப்புறமாகப் படிந்திருக்க வேண்டும். மரத்தின் இலைகள் திரும்பி வெளிறிய அடிப்பக்கத்தைக் காட்ட வேண்டும். எவரும் வால் விசிறிப் பக்கம் நிற்கக் கூடாது. சக்கரத்திலும் அடிவயிற்றிலும் செம்மண் படிந்திருக்க வேண்டும். அதற்குச் சாயம் வாங்க வேண்டாம். நம் தோட்டத்துச் செம்மண்ணைச் சல்லடையில் சலித்துப் பசையோடு சேர்த்தால் போதும். மரத்தூளைப் பச்சைச் சாயத்தில் நனைத்து உலர்த்தினால் புல் தயார். கொய்யாக் கிளையின் நுனிகள் மரமாகும். தென்னை நாரைக் கத்தரித்தால் லாலான்.

மாதத்தையும் குறித்துக்கொள்ள வேண்டும். எஸ்-55-கள் படைவீரர்களை ஏற்றிப் பறக்கத் தொடங்கியது 1953 பிப்ரவரியில். பிப்ரவரி நம் வட்டாரத்தில் ரப்பர் மரம் இலை உதிர்க்கும் காலம் என்பது உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு நன்றாகத் தெரியும். அந்த மாதத்துக் காட்சியில் கிளைகள் மொட்டையாகவோ செம்புநிறத் தளிரோடோ இருக்க வேண்டும். தரையெல்லாம் சருகு கிடக்க வேண்டும். இங்கிலாந்திலோ அமெரிக்காவிலோ உட்கார்ந்து மாதிரி செய்பவருக்கு இந்தச் செய்தி எளிதில் கிடைக்காது. நம் வீட்டில் பாட்டியிடம் கேட்டாலே கிடைத்துவிடும்.

இப்போது மனிதர்களுக்கு வருவோம். கடையில் விற்கும் பெட்டிகளில் படைவீரர்கள் இருப்பார்கள். துப்பாக்கி ஏந்தியவன், முழங்காலிட்டவன், கையசைப்பவன் எல்லாம் உண்டு. மங்கும் உளியும் ஏந்திய மரம் வெட்டும் பெண் மட்டும் எந்தப் பெட்டியிலும் என் கண்ணில் பட்டதில்லை. காண்டா வாளி சுமப்பவரும் இல்லை. ஆகவே தோட்டத்தில் இறங்கிய ஹெலிகாப்டரை உலகில் யார் செய்தாலும், தோட்டத்து மக்கள் இல்லாத தோட்டமே வந்து நிற்கிறது. இது யாரும் திட்டமிட்டுச் செய்த வஞ்சனை ஆகாது. கையில் கிடைத்ததைக் கொண்டு காட்சி அமைத்தார்கள். கிடைக்காதவர்கள் காட்சியிலிருந்து மறைந்தார்கள். வரலாறு எழுதுவதிலும் பலமுறை நடப்பது இதுதான்.

உண்மையில் அவசரகாலத்தின் பாரத்தைத் தோட்டங்கள் எப்படிச் சுமந்தன? பிரிக்ஸ் திட்டம் 1950-இல் தொடங்கியது. காட்டோரங்களில் வாழ்ந்த ஏறத்தாழ 5 லட்சம் பேர், அவர்களுள் பெரும்பாலோர் சீனர், புதுக்கிராமங்களில் குடியேற்றப்பட்டனர். தோட்டங்களிலும் சிதறிக் கிடந்த லயங்கள் ஓரிடத்தில் சேர்க்கப்பட்டு முட்கம்பி வேலி போடப்பட்டது. இரவில் ஊரடங்கு. உணவுத் தடை நடந்த வட்டாரங்களில் விடியற்காலை வேலைக்குப் போகிறவர்களை வாசலில் நிறுத்திச் சோதித்தார்கள். காட்டிலிருப்பவர்களுக்குச் சோறு போய்விடும் என்பதால் சோற்றுப்பொட்டலம் கொண்டுபோகத் தடை. கடையில் தகரப்புட்டி வாங்கினால் அதைத் துளையிட்டுத்தான் கொடுப்பார்கள். மறுபக்கம், கெரில்லாக்கள் ரப்பர் மரங்களைத் தாறுமாறாக வெட்டிப் பாழாக்கினார்கள். வெட்டும் மரம் போனால் கூலியும் போயிற்று. தமிழர்களில் சிலர் சிறப்புக் காவலராக நின்றார்கள், சிலர் காட்டுக்குள் போனார்கள், பெரும்பாலோர் இரு துப்பாக்கிகளுக்கும் நடுவே பால் எடுத்தார்கள். அந்தப் பன்னிரண்டு ஆண்டுகளில் ஏறக்குறைய 2500 பொதுமக்கள் மாண்டார்கள்.

இதையெல்லாம் நம் காட்சியில் சேர்ப்பது எப்படி? அளவுகோலை மீண்டும் கையில் எடுங்கள். ஐந்தரை அடி உயரமுள்ள ஒரு பெண் மாதிரியில் 2.3 சென்டிமீட்டர். மெல்லிய கம்பியை வளைத்து, மெழுகோ களிமண்ணோ அப்பி, தலைக்குத் துணியும் கட்டலாம். அவள் மரத்தில் மாட்டியிருக்கும் மங்கு ஐந்து அங்குல வாயுடையதானால் மாதிரியில் ஒரு கடுகளவு. மரத்தில் வெட்டுக்கோடு இடப்புற மேலிருந்து வலப்புறக் கீழாகச் சரிந்து வரவேண்டும். மாற்றி வரைந்தால் நம் மாணவர்களே பிடித்துவிடுவார்கள்.

அடுத்து லயம். பத்தடிக்குப் பத்தடி அறை ஒன்று மாதிரியில் எவ்வளவு வரும் தெரியுமா? பக்கத்துக்கு 4.2 சென்டிமீட்டர். அதன் தரைப்பரப்பு ஏறத்தாழ ஒரு தீப்பெட்டியின் பரப்பே. ஐந்து அறைகளை வரிசையாக வைத்து, பக்கத்தில் ஹெலிகாப்டரை நிறுத்தினால் அதன் விசிறி வட்டம் ஐந்து குடும்பங்களின் கூரையையும் மூடிவிடுகிறது. நூல்களில் குறுகிய இருப்பிடம் என்று படித்தபோது உறைக்காத செய்தி, இந்தத் தீப்பெட்டி வரிசையைப் பார்த்தவுடன் உறைக்கிறது. தாயும் தந்தையும் நான்கைந்து பிள்ளைகளும் அந்தத் தீப்பெட்டிக்குள் வாழ்ந்தார்கள். கடுகளவு மங்கில் சேர்ந்த பால் நாட்டுக்கு வருவாய் தந்தது. மாதிரியில் இவற்றைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டால் யாரும் விளக்கவுரை ஆற்ற வேண்டியதில்லை.

ஒருவர் கேட்கலாம்: போர் இயந்திரத்தைப் பிள்ளைகள் கையில் கொடுப்பது நல்லதா? நியாயமான கேள்விதான். துப்பாக்கியின் பளபளப்பை மட்டும் காட்டினால் நல்லதன்று. அந்த இயந்திரம் எங்கே இறங்கியது, யாரை ஏற்றியது, யாருடைய மரத்தின் சருகைக் கிளப்பியது என்று கேட்கக் கற்றுக்கொடுத்தால் அது பாடம். தூக்குக் கட்டிலில் கிடப்பவன் முகத்தைச் செய்ய முனையும் பிள்ளை போரை வெறும் விளையாட்டாக எண்ணாது.

அவசரகாலம் முடிந்தபின்னும் ஹெலிகாப்டரின் கதை தொடர்ந்தது. 1958-இல் தோன்றிய நம் விமானப்படை, 1960-களில் அலுவெட் வகையையும் பின்னர் சிகோர்ஸ்கி எஸ்-61 வகையையும் பெற்றது. எஸ்-61-க்கு நூரி என்று பெயரிட்டார்கள். மலாய்மொழியில் நூரி ஒருவகைக் கிளி. எல்லைக்காடுகளில் படைகளை இறக்கியது நூரி. வெள்ளத்தில் சிக்கியவர்களைத் தூக்கியதும் நூரி. பட்டர்வொர்த் தளத்திலும் நூரி அணி இருந்தது. 1989 டிசம்பர் 2 அன்று தாய்லாந்தின் ஹாட்யாயில் அமைதி உடன்பாடு கையெழுத்தாகி, காட்டுப்போர் முற்றாக ஓய்ந்தது. ஐம்பதாண்டுக்கும் மேலாகப் பறந்த நூரி 2020-இன் தொடக்கத்தில் விமானப்படைப் பணியிலிருந்து ஓய்வு பெற்றது. அதன் மேல் விசிறிக்கு ஐந்து இறக்கைகள், வட்டத்தின் குறுக்களவு 62 அடி. மாதிரியில் 26 சென்டிமீட்டர். வெள்ள மீட்புக் காட்சி செய்ய விரும்பும் மாணவர்களுக்கு இந்த அளவு உதவும்.

நூரி ஓய்வுபெற்றதும் அதை நினைவுகூரப் பலர் இருந்தார்கள். அதன் படங்களும் அளவுகளும் ஓட்டியவர்களின் பெயர்களும் பதிவாகி இருக்கின்றன. நம் லயங்களுக்கு அப்படி யார் இருக்கிறார்கள்? ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. செம்பனையும் போய் வீடமைப்பும் தொழிற்சாலையும் வருகின்றன. ஒரு காலத்தில் தோட்டமாக இருந்த பத்து காவானில் 2014-இல் இரண்டாவது பினாங்குப் பாலம் வந்து இறங்கியது. இடிக்கப்பட்ட ஒரு லயத்தின் அறை எத்தனை அடி, அடுப்பு எந்தப் பக்கம், தண்ணீர்க் குழாய் எங்கே, பெரட்டுக் களம் எந்தத் திசையில் என்று அளந்து வைத்தவர்கள் மிகச் சிலர். அளவு தெரிந்த பெரியவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். நாளாக நாளாக அவர்கள் குறைவார்கள்.

ஆகவே பெற்றோர்களுக்கும் மாணவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். வரும் பள்ளி விடுமுறையில் ஒரு பலகையை எடுத்துக்கொள்ளுங்கள். ஹெலிகாப்டர் செய்ய விரும்பும் பிள்ளை ஹெலிகாப்டரையே செய்யட்டும். ஆனால் அதைச் சும்மா நிறுத்த வேண்டாம். அருகில் ஒரு லயம் எழட்டும். பாட்டியை உட்காரவைத்து, வேலி எங்கே இருந்தது, வாசலில் யார் நின்றார்கள், மாரியம்மன் கோயில் எந்தப் பக்கம் என்று கேட்டுக் கேட்டுச் செய்யுங்கள். அவர் கையால் காட்டும் நீளத்தை அளவு நாடாவால் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். பலகையின் அடியில் தோட்டத்தின் பெயர், ஆண்டு, சொன்னவர் பெயர், செய்தவர் பெயர் நான்கையும் எழுதி ஒட்டுங்கள். ஆறடியை ஓர் அங்குலமாக்கும் கணக்கைத் தெரிந்துகொண்ட பிள்ளை, தாத்தா வாழ்ந்த அறையின் அளவையும் ஆயுள் முழுவதும் மறக்காது.